ஆறாம் மாதத்திலிருந்து பகல் முழுக்க குழந்தை என்னிடம்: பால் சேமிப்பு, புட்டி மறுப்பு, முதல் சாப்பாடு

வைகைக்கரை அப்பா கேட்டது:

வணக்கம். ஊர் மதுரை. பாப்பாவுக்கு ஐந்தரை மாதம், எடை 7 கிலோ. மனைவியின் 26 வார விடுப்பு இரண்டு வாரத்தில் முடிகிறது. காலை எட்டரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப மாலை ஆறு ஆகிவிடும். நான் இரண்டு மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்திருக்கிறேன், அந்த நேரம் முழுக்க குழந்தை என் பொறுப்பு. அத்தை பக்கத்துத் தெருவில் இருக்கிறார். முட்டி வலியால் தூக்கி வைத்திருக்க முடியாது, ஆனால் யோசனைகளுக்குக் குறைவில்லை.

இதுவரை நேரடியாகத் தாய்ப்பால் மட்டுமே. ஒற்றைப் பக்க மின் பம்பு வாங்கியிருக்கிறோம். வீட்டுக்குள் பகலில் 33, 34 டிகிரி. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ், கரண்ட் அவ்வப்போது போகும். எத்தனை மி.லி. எடுத்து வைக்க வேண்டும், எத்தனை நேரம் தாங்கும்? புட்டியை வாயருகே கொண்டுபோனாலே நாக்கால் தள்ளி அழுகிறாள், மூன்று விதமான நிப்பிள் மாற்றியாயிற்று. ஆறு மாதம் முடிந்ததும் சாப்பாடு எதில் தொடங்குவது, எந்தப் பதத்தில்? வீட்டில் காய்ச்சல் மருந்து இரண்டு பாட்டில் இருக்கிறது, ஒன்று சொட்டு, ஒன்று சிரப். இரண்டும் ஒன்றுதானா? பகல் தூக்கம் தூளியில்தான் வருகிறது, அது பரவாயில்லையா?

---

பாலாடை எழுதியது:

முதலில் அளவு. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஒரு நாளில் சராசரியாக 750 மி.லி. குடிக்கும். குழந்தைக்குக் குழந்தை 570 முதல் 900 வரை மாறும். அம்மா வெளியே இருக்கும் நேரத்துக்கு மணிக்கு 30 மி.லி. என்று கணக்குப் போடுங்கள். ஒன்பதரை மணி நேரத்துக்கு 300 மி.லி. சுற்றி வரும். இதைத் தலா 60 முதல் 90 வரை நான்கு பங்காக வையுங்கள். 150 மி.லி. ஒரே டப்பாவில் வைத்தால் பாதி குடித்த மீதியைக் கொட்ட வேண்டியிருக்கும். வாய் வைத்த பால் 2 மணி நேரத்துக்கு மேல் உதவாது.

ஃப்ரீசர் நிறையச் சேர்க்க வேண்டும் என்ற பதற்றம் வேண்டாம். இன்று அலுவலகத்தில் எடுப்பது நாளைக்கு. வெள்ளிக்கிழமை எடுத்தது மட்டும் உறைநிலையில் வைத்துத் திங்களுக்கு. இது போக அவசரத்துக்கு 500, 600 மி.லி. உறைய வைத்திருந்தால் போதும். அதற்கு இன்றிலிருந்து காலை முதல் ஊட்டலுக்குப் பிறகு ஒரு முறை எடுத்தால் இரண்டு வாரத்தில் சேர்ந்துவிடும். காலையில்தான் பால் அதிகம் இருக்கும்.

எத்தனை நேரம் தாங்கும் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இணையத்தில் பார்க்கும் '4 மணி நேரம் வெளியே வைக்கலாம்' என்பது 25 டிகிரி அறைக்கு. உங்கள் வீட்டு 33 டிகிரிக்கு அது பொருந்தாது. எடுத்தவுடன் ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டும், கதவுத் தட்டில் அல்ல, உள்ளே பின்பக்கம். 4 டிகிரி நிலையாக நின்றால் 4 நாள் வரை தாங்கும். ஒற்றைக் கதவு, அடிக்கடி திறப்பது, மின்வெட்டு எல்லாம் சேர்ந்தால் 2 நாள் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டியில் 2 வாரத்துக்கு மேல் நம்ப வேண்டாம், ஆறு மாதக் கணக்கு தனிக் கதவு ஃப்ரீசருக்கு. கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் விடுங்கள், 4 மணி நேரம் குளிர் நிற்கும். அலுவலகத்திலிருந்து கொண்டு வர, உறைந்த ஐஸ் பேக் வைத்த கூலர் பை தேவை. சாப்பாட்டுப் பை குளிர்ச்சியை வைத்திருக்காது.

டப்பாவில் தேதி, நேரம் எழுதுங்கள். பழையது முதலில். இளஞ்சூட்டில் இருக்கும் புதுப் பாலைக் குளிர்ந்த பாலோடு அப்படியே கலக்காதீர்கள், தனியாகக் குளிரவைத்துப் பிறகு சேருங்கள். உறைந்ததை முந்தைய இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு இறக்கிவிட்டால் காலையில் உருகியிருக்கும். முழுதும் உருகியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், திரும்ப உறைய வைக்கக் கூடாது. சூடாக்க, வெதுவெதுப்பான தண்ணீர்க் கிண்ணத்தில் டப்பாவை 5 நிமிடம் வைத்தால் போதும். அடுப்பிலும் மைக்ரோவேவிலும் வேண்டாம். மைக்ரோவேவில் ஒரு இடம் கொதிக்கும், இன்னொரு இடம் குளிர்ந்திருக்கும், வாய் வெந்துவிடும். மேலே ஆடை மாதிரி கொழுப்பு பிரிந்திருந்தால் கெட்டதாக நினைக்க வேண்டாம், மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும்.

முக்கியமான ஒன்று: இந்த வாரமே 50 மி.லி. உறைய வைத்து, ஐந்து நாள் கழித்து உருக்கிக் கொடுத்துப் பாருங்கள். சிலரது பாலில் லைபேஸ் என்ற நொதியின் வேலையால் சேமித்த பால் சோப்பு வாசனை அடிக்கும். பால் கெட்டிருக்காது, ஆனால் குழந்தை தொடாது. சேர்த்த எல்லாம் வீணான பிறகே பலருக்கு இது தெரிகிறது. அப்படி இருந்தால், எடுத்த கையோடு பாத்திர ஓரத்தில் சின்னக் குமிழி வரும்வரை மட்டும் சுடவைத்து (கொதிக்க விடாமல்), உடனே பனிநீரில் வைத்துக் குளிர்வித்து, பிறகு உறைய வைக்க வேண்டும்.

பம்பில் ஒரு பக்கத்துக்கு 15 நிமிடம். திடீரென்று பால் குறைந்தால் 'பால் வற்றிப் போச்சு' என்று முடிவு கட்டுவதற்கு முன் வாத்து மூக்கு மாதிரி இருக்கும் சிலிக்கான் வால்வைப் பாருங்கள். கழுவும்போது விரலை விட்டுத் தேய்த்தால் நுனி கிழிந்து உறிஞ்சும் விசை போய்விடும். பால் படும் பாகங்களை ஒவ்வொரு முறையும் சோப்பு நீரில், சிங்க்கில் போடாமல் தனிப் பாத்திரத்தில் கழுவி, தினம் ஒரு தடவை 5 நிமிடம் கொதிக்க விட்டு, துணியால் துடைக்காமல் காற்றில் உலர விடுங்கள். காற்றுக் குழாயைக் கழுவ வேண்டாம். ஈரம் கண்டால் குழாயை மட்டும் மாட்டிப் பம்பை இரண்டு நிமிடம் ஓடவிடுங்கள், காய்ந்துவிடும். இந்தக் கழுவல் வேலை முழுக்க உங்களுடையதாக இருக்கட்டும்.

மனைவி அலுவலகத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுப்பது நல்லது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட தினம் இரண்டு இடைவேளை சட்டப்படி உண்டு. அந்த நேரத்தைப் பால் எடுக்கக் கேட்டு வாங்கலாம்.

---

மூணாவது நிப்பிள் எழுதியது:

நாலாவது நிப்பிள் வாங்காதீங்க. 😀 ஆறு மாசத்தைத் தொடுற குழந்தைக்குப் புட்டியே தேவையில்ல. நம்ம ஊர் குழந்தை டாக்டர்கள் புட்டியை வேண்டாம்னு சொல்றதுக்குக் காரணம், நிப்பிள் இடுக்குல பால் தங்கி வயித்துப்போக்கு வரும். நேரா சின்ன எவர்சில்வர் டம்ளருக்குப் போங்க. ஓரம் மழுங்கலா, 50 மி.லி. பிடிக்கிற மாதிரி.

முறை: மடியில நிமிர்த்தி உட்கார வைங்க, சாய்ச்சுப் படுக்க வைக்கக் கூடாது. கை வந்து தட்டிவிடாம ஒரு துணியால தளர்வா சுத்துங்க. டம்ளர் பாதி நிறைஞ்சிருக்கணும், கால்வாசி இருந்தா ரொம்பச் சாய்க்க வேண்டி வரும். விளிம்பைக் கீழ் உதட்டு மேல வச்சு, பால் மேல் உதட்டைத் தொடுற அளவுக்கு மட்டும் சாய்ச்சு அப்படியே பிடிங்க. ஊத்தாதீங்க. அவளே நக்கி, உறிஞ்சி இழுப்பா. நிறுத்தினா நீங்களும் நிறுத்துங்க, ஆனா டம்ளரை எடுக்காதீங்க. முதல் நாலஞ்சு நாள் பாதிப் பால் கழுத்துலதான் போகும், அதனால 20, 30 மி.லி.யா பழக்குங்க. பசி முத்தி அழும்போது தொடங்குனா எதுவும் நடக்காது, தூங்கி எழுந்து அரை மணி நேரத்துல பண்ணுங்க. அம்மா அறையில இல்லாம இருந்தா இன்னும் சுலபம்.

அத்தை சங்குல குடுக்கச் சொன்னா, சங்கு தப்பில்ல. கால்மேல மல்லாக்கப் போட்டு, மூக்கைப் பிடிச்சு ஊத்துற பழைய முறைதான் தப்பு. புரை ஏறி நுரையீரலுக்குப் போயிடும்.

பகல்ல சுத்தமா குடிக்காம, அம்மா வந்ததும் ராத்திரி முழுக்கக் குடிச்சு ஈடுகட்டுற குழந்தைகளும் உண்டு. 24 மணி நேரத்துல ஆறு தடவை ஒண்ணுக்குப் போய், எடை ஏறிட்டு இருந்தா பயப்பட வேண்டாம்.

---

மருந்துச்சீட்டு எழுதியது:

சொட்டும் சிரப்பும் ஒன்றல்ல. இந்தக் குழப்பத்தில் நடக்கும் தவறு ஆபத்தானது, அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

பாரசிட்டமால் குழந்தைச் சொட்டு மருந்தில் பெரும்பாலும் 1 மி.லி.யில் 100 மி.கி. இருக்கும். சிரப்பில் 5 மி.லி.யில் 120 அல்லது 125 மி.கி., இன்னொரு வகையில் 5 மி.லி.யில் 250 மி.கி. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. 7 கிலோவுக்கு 70 முதல் 105 மி.கி. அதாவது 100 மி.கி. கொடுக்கச் சொட்டு மருந்தென்றால் 1 மி.லி., 125 சிரப்பென்றால் 4 மி.லி., 250 சிரப்பென்றால் 2 மி.லி. சிரப்புக்குச் சொன்ன '4 மி.லி.'யை நினைவில் வைத்துச் சொட்டு பாட்டிலிலிருந்து கொடுத்தால் 400 மி.கி., நான்கு மடங்கு. கல்லீரலைக் கெடுக்கும்.

ஆகவே ஒரே ஒரு வகையை மட்டும் வீட்டில் வைத்திருங்கள், மற்றதை அப்புறப்படுத்துங்கள். ஒவ்வொரு முறை எடை பார்க்கும்போதும் டாக்டரிடம் அளவை மி.கி.யிலும் மி.லி.யிலும் எழுதி வாங்கி, அதைப் பாட்டில் மேலேயே ஒட்டுங்கள். ஸ்பூனை விட்டு ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து கன்னத்தின் உட்பக்கம் மெல்ல விடுங்கள். இரண்டு வேளைக்கு நடுவில் 4 முதல் 6 மணி நேரம், ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். கொடுத்த நேரத்தை எழுதி வையுங்கள். மாலை வந்து மனைவி இன்னொரு வேளை கொடுப்பது சகஜமாக நடக்கும் தவறு.

வைட்டமின் டி சொட்டிலும் இதே சிக்கல். முதல் ஆண்டு முழுக்க தினம் 400 யூனிட். கடையில் 1 மி.லி.க்கு 400 யூனிட்டும் உண்டு, 800 யூனிட்டும் உண்டு. பிராண்ட் மாறினால் லேபிளைப் படிக்காமல் கொடுக்காதீர்கள்.

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். தூளின் பெரிய பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் தூள் என்று கண்ணளவில் கலந்தால் உப்பு கூடிவிடும். முழுப் பொட்டலத்தையும் கொதித்து ஆறிய ஒரு லிட்டரில் கரைத்து, 24 மணி நேரம் கழித்துக் கொட்டுங்கள். ஒவ்வொரு முறை தண்ணீராகப் போன பிறகும் 50 முதல் 100 மி.லி., ஸ்பூன் ஸ்பூனாக. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. அடைத்து விற்கும் பழச்சாறு பானங்கள் இதற்கு மாற்றாகாது.

அரசு அட்டவணையில் அடுத்த ஊசி 9 மாதம் முடிந்ததும்: தட்டம்மை-ரூபெல்லா, நியூமோகாக்கல் பூஸ்டர், மூன்றாவது போலியோ ஊசி, கூடவே வைட்டமின் ஏ 1 லட்சம் யூனிட். தமிழ்நாட்டில் தடுப்பூசி நாள் புதன்கிழமை. தனியார் டாக்டரிடம் போனால் 6 மாதத்திலேயே ஃப்ளூ ஊசி சொல்வார்கள், அது ஒரு மாத இடைவெளியில் இரண்டு தவணை. ஊசி போட்ட இடத்தில் எண்ணெய் தேய்ப்பது, ஒத்தடம் என்று வெந்நீர் வைப்பது வேண்டாம், ஈரத் துணி போதும்.

மூச்சு வேகமாக வாங்கி விலா எலும்பு உள்ளிழுத்தால், எதையும் குடிக்க மறுத்தால், எழுப்பியும் சரியாக எழாவிட்டால், வலிப்பு வந்தால் காய்ச்சல் அளவைப் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். 108.

---

பருப்புக்கஞ்சி எழுதியது:

முதல் சாப்பாட்டில் பெரிய தப்பு, தண்ணீராகக் கரைப்பது. 'குழந்தைக்கு ஜீரணமாகணும்' என்று பால் மாதிரிக் கஞ்சி வைப்பார்கள். குழந்தையின் வயிறு சின்னது, அது தண்ணீரால் நிறைந்துவிடும், எடை ஏறாது. ஸ்பூனைச் சாய்த்தால் உடனே வழியக் கூடாது. அதுதான் பதம்.

பச்சரிசி 2 பங்கு, பாசிப்பருப்பு 1 பங்கு. தனித்தனியாக வறுத்து, ரவையை விட நைசாகப் பொடியுங்கள். 2 மேசைக்கரண்டிப் பொடியை முதலில் ஆறின தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மொத்தம் 200 மி.லி. தண்ணீரில் கிளறிக்கொண்டே 10 நிமிடம் வேக விடுங்கள். இறக்கி அரை டீஸ்பூன் நெய். ஆறும்போது இன்னும் இறுகும், அப்போது எடுத்து வைத்த தாய்ப்பாலில் கொஞ்சம் விட்டுத் தளர்த்தலாம். உப்பு, சர்க்கரை, கருப்பட்டி எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது, பொட்டுலிசம் என்ற நச்சு நோய் வரும். நாக்கில் தடவும் ஒரு துளியும் அதில் சேரும்.

முதல் நாள் 2, 3 ஸ்பூன், ஒரு வேளை. பத்து நாளில் இரண்டு வேளை. 8 மாதத்துக்குள் வேளைக்கு அரைக் கிண்ணம் (சுமார் 125 மி.லி.), இரண்டு மூன்று வேளை. அதன்பின் மூன்று நான்கு. புதுசு எதையும் காலையில் கொடுங்கள். தடிப்போ வாந்தியோ வந்தால் பகல் வெளிச்சத்தில் தெரியும், டாக்டரும் இருப்பார்.

கேழ்வரகில் கால்சியம் தாராளம். இரும்புக்கு அதை மட்டும் நம்பாதீர்கள், அதிலிருந்து உடம்பில் சேருவது குறைவு. முளைகட்டினால் கொஞ்சம் கூடும். குழந்தையின் இரும்பு இருப்பு ஆறாம் மாதத்தோடு தீரத் தொடங்கும். அதனால் பருப்பு, நன்றாக வெந்த முட்டை, சாப்பிடுபவர்கள் என்றால் கறியும் ஈரலும் மசித்து, முதல் மாதத்திலிருந்தே. கீரைப் பருப்பில் இரண்டு சொட்டு எலுமிச்சை பிழிந்தால் இரும்பு நன்றாகச் சேரும். வேர்க்கடலையை முழுதாகக் கொடுக்காமல், வறுத்து மாவாக்கிக் கஞ்சியில் சேர்க்கலாம். தள்ளிப்போட வேண்டியதில்லை. பசும்பாலைக் குடிக்கக் கொடுப்பது மட்டும் ஒரு வயதுக்குப் பிறகு.

மிக்சியை ஒரு மாதத்தில் விட்டுவிடுங்கள். கையால் மசித்ததும், 8, 9 மாதத்தில் சின்னக் கட்டிகளும் பழகாத குழந்தை ஒரு வயதிலும் இட்லியைத் துப்பும். பழகும்போது ஓங்கரிக்கும், முகம் சிவக்கும், சத்தம் வரும். பயந்து வாய்க்குள் விரலை விடாதீர்கள், உள்ளே தள்ளிவிடுவீர்கள். சத்தமே வராமல் திணறினால்தான் அடைப்பு: முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவில் 5 தட்டு. திருப்பி, மார்பெலும்பில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 அழுத்து. வெளியே வரும்வரை மாற்றி மாற்றி. வேலைக்குப் போகும் முன் இருவரும் ஒரு பொம்மையில் செய்து பாருங்கள்.

---

வைகைக்கரை அப்பா:

எல்லோருக்கும் நன்றி. சிரப்பை எடுத்துப் பார்த்தேன், 250 வகை. அப்புறப்படுத்திவிட்டேன். தூளியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? அத்தை கடுகுத் தலையணை தைத்து வைத்திருக்கிறார், குளிப்பாட்டியதும் சாம்பிராணி, மூக்கில் எண்ணெய், கண்மை. அவர் மனம் நோகாமல் எதை விடலாம், எதை விடக் கூடாது?

---

மூணாவது நிப்பிள்:

தூளி ஊர்ல எல்லாரும் போடுறதுதான், ஆனா உள்ள வளைஞ்சு கிடக்கும்போது தாடை நெஞ்சுல முட்டி மூச்சுக்குழல் மடங்கும். தட்டையான, கெட்டியான படுக்கையில மல்லாக்கப் படுக்க வைக்கிறதுதான் சரி. தூளியிலதான் தூக்கம் வருதுன்னா, தூங்கினதும் கட்டாயம் எடுத்துத் தரைப்பாயில மாத்துங்க. ஆடுற வரைக்கும் குறுக்குக் கம்பு போட்டு வாயை விரிச்சு வைங்க, முகம் தெரியணும். ஸ்பிரிங்ல பாதுகாப்புக் கயிறு இருக்கான்னு பாருங்க, கொக்கியில தேய்மானம் இருந்தா மாத்துங்க. குப்புற விழ, எழுந்து உட்கார ஆரம்பிச்சா அன்னைக்கோட தூளி கழட்டணும். ஐந்தரை மாசம்னா அந்த நாள் பக்கத்துலதான்.

---

மருந்துச்சீட்டு:

மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதை நிறுத்தியே ஆக வேண்டும். மூக்கில் விட்டது நுரையீரலுக்கு இறங்கி நிமோனியா வரலாம். உரம் எடுப்பது என்று சேலையில் போட்டு உருட்டிக் குலுக்குவது, தொக்கம் எடுப்பது என்று வாயில் ஊதுவது இரண்டும் அதே பட்டியல். கண்மையில் ஈயம் இருக்கலாம், கண்ணிலும் நெற்றியிலும் வேண்டாம், கால் பாதத்தில் ஒரு பொட்டு வைத்துவிட்டால் திருஷ்டியும் கழிந்த மாதிரி. வசம்பைக் கையில் கட்டலாம் என்று சிலர் சொல்வதும் பாதிதான் சரி, இந்த வயதில் எல்லாம் வாய்க்குப் போகும். உரசி உள்ளுக்குக் கொடுப்பது கூடாது. சாம்பிராணிப் புகையைக் குழந்தை இல்லாத அறையில் அவர் போட்டுக்கொள்ளட்டும். தலையணை எதுவும் ஒரு வயது வரை தேவையில்லை. கடுகு பிரிந்து கொட்டினால் மூக்குக்குள் போகும்.

தேங்காய் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது நல்லது, அதை முழுக்க அத்தை கையில் விடுங்கள். உட்கார்ந்தபடியே செய்யலாம், முட்டிக்கும் தொல்லையில்லை.

---

பாலாடை:

ஒரு சின்ன விஷயம், இங்கே யாரும் சொல்லவில்லை. பிறப்புச் சான்றிதழில் பாப்பாவின் பெயர் ஏறிவிட்டதா? ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லை, தாண்டினால் தாமதக் கட்டணம். இனிஷியல், எழுத்துக்கூட்டல் இரண்டும் உங்கள் ஆதாரோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்துக் கொடுங்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளி, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் வயது ஆதாரம் அந்த ஒரு தாள்தான். பாப்பா தூங்கும் ஒரு மதியத்தில் முடிந்துவிடும்.